வாயக்கா எறிந்த நூல் உருண்டை

அந்தத் தெருவில் சத்தம் போடாமல் குடித்தனம் நடத்துகிறவள் யார் என்று கேட்டால் எல்லோரும் ஒரே வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். அந்த வீட்டுக்காரிக்கு அதே தெரு வைத்த பெயர் வாயக்கா. சண்டைக்காரியாக இருப்பாள் என்று எண்ணிவிட வேண்டாம். அவள் பேசினால் சத்தம் வராது, வாய்தான் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு அகலும், குவியும், ஒரு பக்கமாக இழுபடும். புருவம் ஏறி இறங்கும். கடைக்காரர் இரண்டடியில் நின்றாலும் நாற்பதடி தள்ளி நிற்பவருக்குக் காட்டுவதுபோலத்தான் காட்டுவாள். பேருந்தில் எதிரே உட்கார்ந்த பிள்ளைகள் அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எதற்கு என்று கேட்க மாட்டாள்.

அந்த வாய் அவளுக்குத் துணி மில்லில் வந்தது. அறுபது தறிகள் ஒரே கூரைக்குக் கீழே. ஒவ்வொரு தறியிலும் ஊடு நூலைச் சுமக்கும் நாடாக்கட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்துகொண்டே இருக்கும். போய்ச் சேரும் ஒவ்வொரு தடவையும் ஓர் அடி. வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் சத்தம் காதில் விழாது, நெஞ்சுக்கூட்டில் விழும். பக்கத்தில் நிற்பவளின் காதில் வாயை ஒட்டி வைத்துக் கத்தினாலும் ஒரு சொல் போய்ச் சேராது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை.

பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? மூன்று நாள் அவள் தன்னைச் சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் முகத்தில் ஏதோ நோவு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் அறுந்த இழையை முடிந்துவிட்டு நிமிர்ந்தாள். நான்கு தறிக்கு அப்பால் இருந்த ஒருத்தி, பக்கத்துத் தறிக்காரியைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டேன்க்கா" என்றாள் இவள், தன்னையறியாமல்.

அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. எட்டுப் பெண்கள் சத்தமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "புதுசு காலையில சாப்பிடல போல, மூஞ்சியப் பாரு" என்றுதான் அந்த அக்கா சொல்லியிருந்தாள். அந்த வாக்கியம் நான்கு தறிகளின் இடியைத் தாண்டி, ஓசை என்ற ஒன்றே இல்லாமல் இவளுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எந்த வழியாக வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தெருவில் எதிர்ப்பட்டவர்களின் உதடுகளையே பார்த்துக்கொண்டு நடந்தாள். தெரு முழுக்கச் சொற்கள் மிதந்தன.

போகப் போகத்தான் அதிலிருந்த வேலை பிடிபட்டது. உதடு காட்டுவது பாதி. மீதிச் சொற்களை நாக்கு வாய்க்குள்ளேயே செய்து முடித்துவிடும், வெளியே தெரியாது. 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். அதனால் தறிக்காரர்கள் சொல்லோடு கையையும் சேர்ப்பார்கள்: மணிக்கு மணிக்கட்டு, சூப்பர்வைசருக்கு மீசை, உடம்பு சரியில்லை என்றால் நெற்றி. கையும் உதடும் சேர்ந்தும் கிடைக்காததை ஆளைத் தெரிந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். இவள் இந்நேரத்தில் எதைப் பற்றிப் பேசுவாள், இவளுக்கு என்ன கவலை, எதற்குச் சிரிப்பாள் என்று தெரிந்தவளுக்குத்தான் இவள் பேச்சு முழுசாகத் தெரியும். தெரியாதவரின் வாய் வெறும் வாய்.

மில்லில் மூன்று வழக்கங்கள் இருந்தன. யாரையாவது கூப்பிட வேண்டுமானால் கழிவு நூலை நெல்லிக்காய் அளவு உருட்டித் தோளில் எறிய வேண்டும். அவர் திரும்பி, முகம் வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். கடைசியாக, கேட்டவர் தான் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். திருப்பி வராத சேதி சொன்ன சேதியாகாது. 'தறியை ஓட்டாதே' என்றதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு ஓட்டிவிட்ட ஒருத்தியால் இன்னொருத்தியின் விரல் போன நாளிலிருந்து வந்த வழக்கம் இந்த மூன்றாவது.

படித்தவர்கள் இதற்குப் பெட்டி வரைந்து அம்பு போட்டு விளக்கம் சொல்வார்கள். சொல்பவர், கேட்பவர், இடையில் ஒரு வழி, வழியில் இரைச்சல், திரும்பி வரும் பதில். ஏழாம் வகுப்போடு நின்றவள், அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே இருபத்தாறு வருடம் நின்று துணி நெய்தாள்.

அவள் கல்யாணமும் அங்கேதான் முடிவானது. தறி பழுது பார்க்கிறவரை எல்லோரும் ஃபிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் எட்டாவது தறிக்கு அடியிலிருந்து கையில் ஸ்பானரோடு எழுந்து இவள் தோளில் ஒரு நூல் உருண்டையை எறிந்தார். இவள் திரும்பினாள்.

"என்னைக் கட்டிக்கிறியா?"

உதடு படிக்கத் தெரிந்த அறுபது பேர் இருக்கிற இடத்தில் ரகசியம் ஏது. வரிசை முழுக்க இவள் முகத்தைப் பார்த்தது. இவளுக்கு வெட்கத்தில் ஒன்றும் ஓடவில்லை. பழக்கம் மட்டும் ஓடியது. கேட்டதைத் திருப்பிச் சொன்னாள்: "உங்களைக் கட்டிக்கிறேனான்னு கேக்குறீங்க." ஃபிட்டர் தலையாட்டிவிட்டு நேரே போய்த் தன் வீட்டில் பெண் சம்மதித்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

"நீதானே வாயால சொன்ன?" என்பார் பின்னாளில் ஒவ்வொரு சண்டையிலும்.

"அது பதில் இல்ல. ரசீது" என்பாள் இவள்.

அந்தச் சண்டைகளும் சத்தமில்லாமலே நடந்தன. வெளியே சன்னலோரம் போகிறவர்கள், எவ்வளவு ஒற்றுமையான தம்பதி என்று சொல்லிக்கொண்டு போவார்கள். உள்ளே அவர் அடுப்படியிலிருந்தும் இவள் கட்டிலிலிருந்தும் முகத்தாலேயே ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டிருப்பார்கள். கோபம் முற்றினால் இவள் கண்ணை மூடிக்கொள்வாள். அதற்குப் பிறகு அவரால் ஒரு சொல்லும் சொல்ல முடியாது. "இது அநியாயம், இது ஆட்டத்துல சேராது" என்று குரலெடுத்துக் கத்தினால்தான் உண்டு. கத்தினால் அவர் தோற்றதாகக் கணக்கு.

அவர்கள் ஒரே மகள் தவழும் வயதிலேயே இதைப் படித்துக்கொண்டாள். மறந்ததும் சீக்கிரம்தான்; அல்லது மறந்ததாகச் சொன்னாள். பத்து வயதில் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அம்மா எதிர்ப்பக்கத்திலிருந்து வாயால் ஏதோ கேட்டதைத் தோழிகள் பார்த்துவிட்டார்கள். அன்று மாலை மகள் சொன்னாள்: "அம்மா, இனிமே வாசல்ல வந்து வாயைக் கோணாதே. எல்லாரும் உன்னைப் பைத்தியம்னு சொல்றாங்க." அதற்குப் பிறகு அந்த வாசலில் வாயக்கா கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். மகள் படித்தாள், பட்டம் வாங்கினாள், அந்த வீட்டில் முதல் ஆளாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போனாள். அம்மாவும் அப்பாவும் முகத்தால் பேசிக்கொள்ளும்போது அவள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஃபிட்டருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலாக வந்தது. நான்கு நாளில் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து வாய்க்குள் குழாய் விட்டு மெஷினில் போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் தொண்டையில் துளை போட்டு, குழாயை அங்கே மாற்றினார்கள். வாய் விடுதலையானது. ஆனால் மூச்சு தொண்டைத் துளையோடு திரும்பிவிடுவதால் குரல் எழும்பவில்லை. நினைவு இப்போதைக்கு வரும், போகும் என்று சொல்லியிருந்தார்கள்.

உள்ளே போய்ப் பார்க்க மதியம் கால் மணி நேரம், மாலையில் கால் மணி நேரம். மற்ற நேரத்தில் தாழ்வாரத்தில் நின்று பெரிய கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்க்கலாம். எல்லாக் குடும்பமும் அங்கே நின்று கையசைக்கும், அழும், கண்ணாடியில் நெற்றியை முட்டும். கண்ணாடி தடித்தது. ஒரு சொல் உள்ளே போகாது, ஒரு முனகல் வெளியே வராது.

பதினான்காம் நாள் காலை ஒன்பதரைக்கு அம்மாவும் மகளும் வந்தபோது ஐந்தாவது படுக்கையில் அவர் மணிக்கட்டு இரண்டையும் மெத்தென்ற துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். வெளியே வந்த நர்ஸ் மகளிடம் தன்மையாகத்தான் சொன்னாள்.

"பயப்படாதீங்கம்மா. ஆறு மணிக்கு நான் பார்க்கிறப்ப நல்லாத்தான் இருந்தார். அப்புறந்தான் அலட்ட ஆரம்பிச்சார். கையை ஆட்டுறார், முகத்தைக் கோணிக்கிட்டே இருக்கார். இங்க ரொம்ப நாள் படுத்திருந்தா சிலருக்குப் புத்தி கொஞ்சம் குழம்பும். குழாயைப் பிடுங்கிடக் கூடாதில்ல, அதான் கட்டியிருக்கோம். டாக்டர் வந்ததும் தூங்க மருந்து போட்டுடுவோம்."

கோணிக்கிட்டே என்ற சொல்லில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவைத் தேடினாள். வாயக்கா அதற்குள் கண்ணாடியருகே போயிருந்தாள்.

அவர் முகம் கூரையைப் பார்த்திருந்தது. வாய் ஓயாமல் அசைந்தது. இவள் கையை உயர்த்தி, விளக்கு வெளிச்சம் தன் முகத்தில் விழும் இடமாகப் பார்த்து நகர்ந்து நின்றாள். காத்திருந்தாள். அவர் தலை இந்தப் பக்கம் சாய்ந்தது. கண்கள் அவளைப் பிடித்துக்கொண்டன. பதினான்கு நாள் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது.

"மெதுவா" என்றாள் அவள், சத்தமில்லாமல். "கை இல்லாம பேசுறீங்க. எனக்குப் பாதிதான் வருது."

அவர் நிறுத்தினார். மில்லின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குச் சொல்வதுபோல ஒரே ஒரு சொல்லைப் பெரிதாகச் சொன்னார்.

"கால்."

"காலு. எந்தக் காலு?"

கண்ணால் இடப்பக்கம் காட்டினார்.

"இடது காலு. வலிக்குதா?"

இல்லை என்று தலை அசைந்தது. "விடியறப்ப வலிச்சுது. கொதிச்சுது. இப்ப இல்ல. முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியல. அந்தக் காலால தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருக்கு."

நடுநடுவே விட்டுப்போன சொற்களை அவள் அவரைக் கொண்டே நிரப்பினாள். இந்த மனிதர் எந்த மெஷினையும் அப்படித்தான் பார்ப்பார். பழுதானதை நல்லதோடு ஒட்டிவைத்துத் தொட்டுப் பார்ப்பார். படுத்த படுக்கையில், கை கட்டிக் கிடக்கும்போது, தன் காலையே அப்படிப் பார்த்திருக்கிறார். புத்தி குழம்பியவர் செய்கிற வேலையா இது?

"விடியறப்ப வலிச்சுது, இப்ப செத்துக் கிடக்கு, இன்னொரு காலால தொட்டா ஐஸ். இதானே?"

அவர் கண்ணை மெல்ல மூடித் திறந்தார். அதே தான். பிறகு ஒரே சொல்: "சொல்லு."

அவர் தலைமாட்டுக்குப் பின்னால் டாக்டர் வந்து நின்றார். பக்கத்தில் நர்ஸின் கையிலிருந்த தட்டில் ஊசி தயாராக இருந்தது.

வாயக்கா கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே யாரும் திரும்பவில்லை. அந்தக் கண்ணாடியை நாள் முழுக்க யாராவது தட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். அப்போது அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் கதவைத் திறந்தார். அவள் கை தானாகப் பைக்குள் போனது. இருபத்தாறு வருடமாக அந்தப் பையில் நான்கைந்து நூல் உருண்டை இல்லாமல் இருந்ததில்லை. வண்டி தாண்டிப் போகும் இடைவெளியில், ஐந்தாவது படுக்கையருகே குனியப் போன டாக்டரின் தோளைக் குறி வைத்து எறிந்தாள்.

விழுந்தது. டாக்டர் தோளைத் தொட்டுப் பார்த்தார், தரையில் கிடந்த உருண்டையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"அம்மா" என்றாள் மகள்.

டாக்டர் கையை உயர்த்தி நர்ஸை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார். "யார் எறிஞ்சது?"

வாயக்கா அவர் முகத்தை நேராகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். கால், விடியலில் வந்த வலி, ஐஸ், தூங்க மருந்து போட்டுவிடாதீர்கள் என்பது வரைக்கும் ஒன்று விடாமல், வரிசையாக, தெளிவாகச் சொன்னாள். குரலை மட்டும் விட்டுவிட்டாள். உயிர் போகிற அவசரத்தை அவள் வாழ்நாள் முழுக்கச் சத்தமில்லாமல்தான் சொல்லியிருக்கிறாள். அன்றும் அப்படியே வந்தது. அவளுக்கு அது தெரியவும் இல்லை. டாக்டருக்குத் தெரிந்ததெல்லாம், உள்ளே ஒருவர் முகத்தைக் கோணுகிறார், வெளியே அவர் மனைவியும் கோணுகிறாள் என்பதுதான்.

"இவங்களுக்கும் உடம்பு சரியில்லையா?" என்று மகளைக் கேட்டார்.

மகள் அம்மாவின் வாயைப் பார்த்தாள். பள்ளிக்கூட வாசல் அவள் கண்ணுக்கு வந்ததோ என்னவோ. அடுத்த கணம் அம்மாவின் தோளைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாள். அம்மாவின் உதட்டைப் பார்த்தபடி உரக்கச் சொல்லத் தொடங்கினாள்.

"அப்பாவுக்கு இடது கால்ல உணர்ச்சி இல்ல. விடியறப்ப வலி. முழங்காலுக்குக் கீழ சில்லுனு இருக்கு. இதைத்தான் ஆறு மணியிலிருந்து சொல்லிக்கிட்டு இருக்கார். மருந்து போட்டா தூங்கிடுவார், அப்புறம் சொல்ல ஆள் இல்ல. அம்மா உதட்டைப் படிப்பாங்க சார். ரெண்டு பேரும் தறி மில்லுல இருந்தவங்க."

பதினைந்து வருடமாக மறந்துபோனதாகச் சொன்ன மொழி. ஒரு சொல் தவறவில்லை.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் உள்ள போய் அவரை ஒண்ணு கேக்கிறேன். என்ன பதில் சொல்றார்னு நீங்க இங்கிருந்தே சொல்லுங்க."

உள்ளே போய்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து கேட்டார். என்ன கேட்டார் என்று வெளியே தெரியவில்லை. ஃபிட்டரின் வாய் மட்டும் தெரிந்தது. அம்மா உதட்டை அசைக்க, திறந்து பிடித்த கதவருகே நின்ற மகள் உரக்கச் சொன்னாள்:

"வாசலுக்கு மேல இருக்கிற கடிகாரம் நின்னு மூணு நாள் ஆச்சு. நாலு பத்துல நிக்குது. பேட்டரி போயிருக்கும், இல்லன்னா முள்ளு உரசுது. இறக்கிக் குடுத்தா பார்த்துத் தர்றேன்."

டாக்டர் திரும்பினார். நர்ஸ் திரும்பினாள். துணி வண்டிக்காரரும் திரும்பினார். கண்ணாடிச் சுவரின் உட்பக்கத்தில், வாசலுக்கு நேர் மேலே, தாழ்வாரத்திலிருந்து எந்தக் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. நாலு பத்து. மணி பார்க்கக் கையிலும் மெஷினிலும் ஆயிரம் வழி இருந்ததால் மூன்று நாளாக அதை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. 'வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க' என்றுதான் டாக்டர் கேட்டிருந்தார்.

நர்ஸ் தட்டைக் கீழே வைத்தாள்.

டாக்டர் போர்வையை விலக்கினார். இரண்டு பாதங்களையும் இரண்டு கையால் ஒரே சமயத்தில் பிடித்துப் பார்த்தார், ஃபிட்டர் பார்த்த அதே மாதிரி. இடது பாதத்தின் மேல் விரல் வைத்து நாடியைத் தேடினார். இடத்தை மாற்றித் தேடினார். பிறகு நிமிர்ந்து தாழ்ந்த குரலில் நாலைந்து சொற்கள் சொன்னார். அறையே ஓடத் தொடங்கியது.

காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் கட்டி அடைத்திருந்தது. மதியத்துக்குள் திறந்து எடுத்தார்கள். சுண்டுவிரல் மட்டும் கறுத்துப்போய், பிறகு அதை எடுக்க வேண்டியதாயிற்று. "இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் தூங்க விட்டிருந்தா முழங்காலோட போயிருக்கும்" என்று டாக்டர் மாலையில் மகளிடம் சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார். "குரல் இல்ல, கை இல்ல, நடுவுல கண்ணாடி. இருந்தும் எப்படிம்மா போய்ச் சேர்ந்தது?"

வாயக்காவுக்கு இப்போது குரல் திரும்பியிருந்தது. "அவர் விடாம சொன்னார் சார்" என்றாள். யோசித்துவிட்டு, "எனக்கு அவரைத் தெரியும்" என்றாள்.

மறுநாள் கண்ணாடியருகே அவளைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். மூன்றாவது படுக்கைக்காரரின் தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, எங்க அண்ணன் என்னமோ சொல்றார். என்னன்னு பார்த்துச் சொல்லுங்கக்கா." அவள் நெடுநேரம் பார்த்தாள். உதடு தெரிந்தது, ஆள் தெரியவில்லை. "உங்க அண்ணன் எதைப் பத்திப் பேசுவார்? வீட்டுல யாரைத் தேடுவார்?" என்று கேட்டாள். தம்பி சொல்லத் தொடங்கினார். நாய், மாடி வீடு, தண்ணீர்த் தொட்டி, அடைத்துக்கொள்ளும் குழாய். கேட்கக் கேட்க, அந்த அண்ணனின் வாயில் ஒவ்வொரு சொல்லாகத் துலங்கியது. "தொட்டி நிரம்பி வழியுமாம். மோட்டாரை நிறுத்தச் சொல்றார்" என்றாள். தம்பி கண்ணாடியில் சாய்ந்து அழுதார். சிரிக்கவும் செய்தார்.

நர்ஸ் ஃபிட்டரின் மணிக்கட்டுத் துணியை அவிழ்த்தபோது அவர் முதலில் செய்தது, கடிகாரத்தைக் காட்டி உள்ளங்கையை நீட்டியதுதான். கொடுக்கவில்லை. வேறு ஆளை வைத்துப் பேட்டரி மாற்றினார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஐந்து வாரம் கழித்துத் தொண்டைத் துளையை மூடி வீட்டுக்கு அனுப்பினார்கள். குரல் கரகரவென்று திரும்பியிருந்தது. கடிகாரம் மாட்டிய அந்த வாசல் வரைக்கும் நடந்தே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஒரு பக்கம் கோல், மறுபக்கம் மகள். இடது கால் ஒவ்வொரு தடவை தரையைத் தொடும்போதும் நர்ஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயக்கா வாசலுக்கு அப்பால், வெளிச்சத்தில், முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

வாசலை அடைந்ததும் அவர் நின்றார். அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தார். கையிலிருந்த வாட்சைப் பார்த்தார். குரல் இருந்தும் அவர் குரலை எடுக்கவில்லை. மனைவியைப் பார்த்து வாயை அகல விரித்தார்.

வாயக்கா பதில் சொல்லும் முன், அப்பாவின் கையைப் பிடித்திருந்த மகள் அவர் முகத்தை எட்டிப் பார்த்தாள். அத்தனை பேர் பார்க்க, வாய் முழுவதையும் கோணி, சத்தமில்லாமல் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்:

"அஞ்சு நிமிஷம் வேகமா ஓடுது. அதானே?"

அவர் கண்ணை மெல்ல மூடித் திறந்தார். பிறகு இடது காலை வாசலுக்கு வெளியே எடுத்து வைத்தார்.